வெட்டாமல் விட்ட இழை

வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குற்றச்சாட்டு புலம்பலாகிவிடும் என்று நானே ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். முதலாவது, சங்கத்தின் முதல் துண்டறிக்கையை எழுதியவன் நான், மில் கேட் கூட்டத்தில் அதைப் படித்துக் கைதட்டு வாங்கியவன் வெள்ளிங்கிரி. இரண்டாவது, மில் கேட்டில் நடந்த தடியடியில் தோள்பட்டை இறங்கியது எனக்கு, பத்திரிகைப் படத்தில் தலையில் கட்டோடு நின்றவன் வெள்ளிங்கிரி. மூன்றாவது, உண்ணாவிரதப் பந்தலில் நான் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தேன், என்னைப் பற்றி, ஆறுக்குட்டி திருட்டுத்தனமாகப் போண்டா தின்றான், அதனால்தான் வயிறு பொறுக்கவில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது, அதைக் கிளப்பியவன் வெள்ளிங்கிரி இல்லை, ஆனால் அது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லாதவன் வெள்ளிங்கிரி. நான்காவது, அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவனுக்குச் சிறப்புரை, எனக்கு நன்றியுரை, கூட்டம் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பேசுகிற உரை. ஐந்தாவது, போன மாதம் அவன் செத்துப்போனான். சாவதிலும் முந்திக்கொண்டான். செத்தவனோடு யார் மல்லுக்கு நிற்பது? உயிரோடு இருந்தவரை அவன் ஒரு தப்புச் செய்வான், நாலு பேர் பார்ப்பார்கள் என்று காத்திருக்கவாவது முடிந்தது. இப்போது அவனால் தப்புச் செய்யவே முடியாது. ஆறாவது இன்று நடக்கப்போகிறது. இது மட்டும் என் வாயாலேயே நடக்க வேண்டுமாம். சங்கத்துக்குப் புது மன்றம் கட்டி முடித்துவிட்டார்கள், அதற்கு யார் பெயர் என்பதை நான் சொல்ல வேண்டும், என்ன பெயர் என்று ஊருக்கே தெரியும், கல் வெட்டுகிறவன் உளியோடு உட்கார்ந்திருக்கிறான்.

மூக்கு எரிகிறது. இடது மூக்கு வழியாக ஒரு குழாய் தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, இரைப்பைக்குள் போய் நிற்கிறது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் உள்ளே யாரோ கயிறு இழுப்பதுபோல இருக்கிறது. அடிக்கடி நர்சம்மா வந்து குழாயின் வெளி நுனியில் ஊசிக்குழலை மாட்டி உறிஞ்சுகிறாள், கண்ணாடிக் குடுவையில் விடுகிறாள், அளவு பார்த்து எழுதுகிறாள். என் வயிற்றின் உற்பத்தியை இன்னொருத்தி கணக்கெடுக்கிறாள். மில்லில் நூல் சுற்றும் கதிரடியில் நின்றபோதும் இதேதான், நூல் நம்முடையது, கணக்கு அவர்களுடையது. கட்டிலைச் சுற்றி மாணவர்கள், வெள்ளைக் கோட்டில் பள்ளிக்கூட வாசனை போகாத முகங்கள். டாக்டர் பிரமிளா அவர்களுக்குப் பாடம் நடத்துகிறார், நான்தான் கரும்பலகை. "இவருக்கு ரொம்ப வருஷம் முன்னாடி அல்சர் வெடிச்சு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. மூளையிலேர்ந்து வயித்துக்கு வர்ற வேகஸ் நரம்பை வெட்டிட்டாங்க, அப்பல்லாம் அதுதான் வைத்தியம். வெட்டு முழுசா விழுந்திருந்தா, சாப்பாட்டை நினைச்சாலும் பார்த்தாலும் அமிலம் ஊறக் கூடாது. இப்ப மறுபடி புண் வந்திருக்கு. எங்கயாவது ஒரு இழை வெட்டுப்படாம நின்னிருக்கான்னு பார்க்கறோம்." இழை என்று அந்தம்மா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அறுந்த இழையை எந்திரம் நிற்காமல் ஓட்டத்திலேயே ஒட்டுவதுதான் மில்லில் என் வேலை, இருபத்திரண்டு வயதில் என் விரலுக்கு மில்லில் ஜோடி கிடையாது. வெள்ளிங்கிரி ஒட்டினால் முடிச்சு தெரியும். இதை யாரும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ஒரு மாணவன் கேட்டான், நினைப்பு எப்படி மேடம் அமிலமாகும் என்று. நல்ல கேள்வி, நானும் கேட்டிருப்பேன். அந்தம்மா சொன்னார், மூளையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் சுரக்கின்றன, பெப்டைட் என்று பெயர், அதில் டி.ஆர்.எச். என்று ஒன்று, மூன்றே மணி கோத்த மாலை மாதிரி, அவ்வளவு சின்னது, அது சுரந்தால் வேகஸ் நரம்பு வழியாக அமிலம் விடு என்று இரைப்பைக்கு உத்தரவு போகும். சி.ஆர்.எஃப். என்று இன்னொன்று, நெருக்கடி வரும்போது சுரப்பது, அது அமிலத்தை நிறுத்தச் சொல்லும், பசியையும் அடக்கும். இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது, சில முடுக்கும், சில அடக்கும், யார் கை ஓங்குகிறதோ அதன்படி வயிறு நடக்கும். "இதெல்லாம் பெரும்பாலும் எலியிலயும் நாயிலயும் பார்த்தது. மனுஷங்ககிட்ட எவ்வளவுன்னு இன்னும் முழுசாத் தெரியாது." கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டறிக்கையில் அப்படி ஒரு வாக்கியம் வந்தால் அடித்துவிடுவேன். எனக்குப் புரிந்தது இவ்வளவு: தலைமை அலுவலகம் துண்டறிக்கை விடுகிறது, கிளை வேலை செய்கிறது. மூன்றே சொல் கொண்ட துண்டறிக்கை. நான் நாலு பக்கம் எழுதியும் எழும்பாத ஆட்கள் உண்டு, மூன்று சொல்லில் ஒரு இரைப்பையே எழும்புகிறது. எழுதினால் அப்படி எழுத வேண்டும். இன்னொரு அறிக்கை நிறுத்து என்கிறது. அப்படியானால் பந்தலில் எனக்கு எந்த அறிக்கை வந்தது, அவனுக்கு எந்த அறிக்கை வந்தது?

"தாத்தா, கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு ஒண்ணு சொல்லுங்க," என்றது ஒரு பெண், நிவேதா என்று சட்டையில் எழுதியிருந்தது. சோதனை இதுதான், வாய்க்கு ஒன்றும் தராமல் பேச்சிலேயே ஆசை காட்டுவது. "தாத்தான்னு சொல்லாத, தோழர்னு சொல்லு" என்றேன், குழாய் ஆடியது. "சரிங்க தோழர் தாத்தா, பிரியாணி பிடிக்குமா?" பக்கத்தில் ஒருவன் சிரித்தான். "கொள்ளு ரசம்" என்றேன். "ஐயோ, குதிரைக்குப் போடறதா?" "குதிரை உங்கள மாதிரி இல்லம்மா, உழைக்கும்." அது முகம் சுளிக்காமல் சிரித்தது, பிறகு விடாமல் நாட்டுக்கோழி, வறுத்த மிளகு, தேங்காய் அரைத்த குழம்பு, சுடு களியில் குழி பறித்து ஊற்றுவது என்று அடுக்கிக்கொண்டே போனது, கெட்டிக்காரப் பெண், மேடையில் ஏற்றலாம். நர்சம்மா உறிஞ்சினாள். குடுவையில் ஏதோ கொஞ்சம், நுரை மாதிரி. "ஒண்ணும் பெருசா வரல மேடம்." பெருமையாக இருந்தது. சாப்பாட்டைக் காட்டி என்னை யாரும் மடக்க முடியாது. பந்தலுக்கு எதிரே மில் கேன்டீனில் வேண்டுமென்றே வெங்காய பஜ்ஜி போட்டார்கள், காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நேரம் பார்த்து. நான் திரும்பிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. கண் பார்க்கவில்லை. ஆனால் வயிறு பார்த்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எவனோ மூன்று சொல் அறிக்கையை அச்சடித்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான், விடு, விடு, விடு என்று, அரைக்க ஒன்றுமில்லாத வயிற்றில் அமிலம் விழுந்து விழுந்து சுவரையே அரித்திருக்கிறது. போண்டா இல்லை. போண்டா தின்றிருந்தால் பிழைத்திருப்பேன்.

பந்தலில் நாங்கள் மூன்று பேர். ஊர் இரண்டு பேர் என்றுதான் சொல்லும், நானும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டேன். மூன்றாவது மாராத்தாள், கழிவுப்பஞ்சு கூட்டுகிறவள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கூட்டிப் பெருக்க வந்தவள் விளக்குமாற்றைக் கம்பத்தில் சாத்திவிட்டு ஓரமாகச் சம்மணம் போட்டாள். "நீ எதுக்கும்மா?" என்று வெள்ளிங்கிரி கேட்டான். "ஏனுங்க, எனக்கு மட்டும் வயிறு இல்லீங்களா?" என்றாள். போஸ்டரில் எங்கள் இரண்டு பேரின் பெயரை அடித்து முடித்திருந்தோம், மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை. அவள் வயிறு சத்தம் போடும், கடமுடா என்று, கூட்டத்தில் பேச்சு நிற்கிற நேரம் பார்த்துப் போடும், முன்வரிசையில் சிரிப்பார்கள், அவளும் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாள். வெள்ளிங்கிரியின் வயிறு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாள் ஆக ஆக நான் சுருண்டேன், அவனுக்கு முகம் தெளிந்துகொண்டே போனது, உதடு காயவில்லை, குரல் இறங்கவில்லை. சாயங்காலக் கூட்டத்துக்கு எழுந்து நின்று பேசினான். ஒருமுறை என் காதருகே குனிந்து, "ஆறு, எனக்குப் பசியே இல்லடா" என்றான். அந்த வாக்கியத்தை நாற்பது வருஷம் மென்றிருக்கிறேன். திமிர் என்று நினைத்தேன். நான் துடிப்பதைப் பார்த்துவிட்டு என்னை இன்னும் கீழே தள்ளவே அப்படிச் சொன்னான் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மாராத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இல்லீங்கண்ணா. எனக்கு நாய் மாதிரிப் பசிக்குதுங்க. அதுக்கு என்ன பண்றது, உக்காந்திருக்கேன்" என்றாள். நான் அதற்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், சிரித்தால் வயிறு வலித்தது.

"அண்ணா." கதவருகே செயலாளர் சிவமலை. பின்னால் பொருளாளர் நாச்சிமுத்து, கையில் பழப்பை, மூக்கில் குழாய் போட்டவனுக்கு ஆரஞ்சுப் பழம். "எப்படி இருக்கீங்கண்ணா? ரெண்டு நிமிஷம் போதும். கல் வெட்டறவர் கேட்டுட்டே இருக்கார், வெள்ளிங்கிரி அண்ணன் மன்றம்னு மேல வரணுமா கீழ வரணுமான்னு. அண்ணன் படம் வெச்சு மாலையெல்லாம் கட்டியாச்சு. நீங்க வாயால சொல்லிட்டீங்கன்னா..." டாக்டர் முகம் சுளித்தார், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சோதனை முடிகிறவரை ஓரமாக நில்லுங்கள் என்றார். நின்றார்கள். வெள்ளிங்கிரி அண்ணன் மன்றம். மேலே. கீழே. படம். மாலை. நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு கிளம்பி முதுகுப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் என்கிறான், இவன் வெள்ளிங்கிரியோடு ஒரு நாள் ஜெயிலில் இருந்திருப்பானா, இவன் பிறந்தபோது நாங்கள் ஜெயிலில் இருந்தோம், அங்கேயும் வார்டன் அவனுக்குத்தான் பீடி கொடுத்தான். நர்சம்மா ஊசிக்குழலை மாட்டி இழுத்தாள். இழுத்தாள். இன்னொரு குழல் எடுத்தாள். "மேடம், இங்க பாருங்களேன்." டாக்டர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு காகிதத் துண்டை அதில் நனைத்தார், அது சிவந்தது. மாணவர்கள் கழுத்தை நீட்டினார்கள். "பிரியாணிக்கு வராதது இப்ப எப்படி மேடம் வருது?" "இழை இருக்கு," என்றார் டாக்டர், "கண்டிப்பா இருக்கு. ஐயா, இப்ப எதை நினைச்சீங்க?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கோழிக் குழம்பு" என்றேன். நிவேதா கைதட்டியது, "பார்த்தீங்களா, என் குழம்பு லேட்டா வேலை செய்யுது."

சிரிப்பு அடங்கட்டும். நான் இப்போது யோசிக்க வேண்டும், துண்டறிக்கை எழுதும்போது யோசிப்பதுபோல, ஒரு வாக்கியம் அடுத்ததைத் தாங்க வேண்டும். நரம்பையே வெட்டினார்கள், இருந்தும் அவன் பெயர் ஒரு இழையைக் கண்டுபிடித்து இறங்கிவிட்டது, அதை விடு. பந்தலுக்கு வா. அவனுக்குப் பசியே இல்லை. பொய் சொல்லவில்லை, திமிரும் இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், அவன் தலைக்குள் நிறுத்து என்கிற அறிக்கை ஓங்கியிருந்தது, அவ்வளவுதான். அமிலக் குழாய் மூடியிருந்தது. பசிக்காதவன் சாப்பிடாமல் இருப்பதற்கு என்ன பெயர்? அதற்கு உண்ணாவிரதம் என்று பெயரா? அப்படியானால் காய்ச்சல்காரன் எல்லாம் தியாகி. இதோ, நாற்பது வருஷமாகத் தேடியது கிடைத்துவிட்டது, டாக்டரம்மா வாயாலேயே கிடைத்துவிட்டது, சாட்சிக்கு ஒரு வகுப்பே நிற்கிறது. அவன் நடத்தியது உண்ணாவிரதமே இல்லை. பசித்தவன் எவனோ அவன்தான் விரதம் இருந்தான். யாருக்குப் பசித்தது? எனக்கு. ரத்தம் வருகிற அளவுக்குப் பசித்தது. ஆகவே மன்றத்தின் பெயர்... நிறுத்து. அடுத்த வாக்கியம் சரியாக நிற்கவில்லை. பசித்தவன், பசித்தும் கடைசிவரை இருந்தவன். நான் கடைசிவரை இல்லை. விழுந்தேன், என் தப்பில்லை, ஆனாலும் விழுந்தேன், கோரிக்கை ஜெயித்த அன்று நான் ஆஸ்பத்திரியில் வயிறு தைத்துக் கிடந்தேன். அவன் பசிக்காமல் கடைசிவரை இருந்தான், நான் பசித்துப் பாதிவரை இருந்தேன். பசித்தும் கடைசிவரை இருந்தது... வேண்டாம், வேறு மாதிரி ஆரம்பி. ரத்தம் சிந்தியவன் என்று ஆரம்பி. ரத்தம் சிந்தியவன், ஆகவே. இல்லை, அதற்கு டாக்டரம்மா சொன்ன அந்த மூளை அறிக்கைகள் தேவையே இல்லை, அறிக்கைகளை எடுத்துவிட்டால் வெள்ளிங்கிரி மறுபடி எழுந்து நின்றுவிடுவான். அவனைச் சாய்க்கிற வாக்கியம் என்னையும் தாண்டிப் போகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரத்தில் சம்மணம் போட்டிருக்கிறவளிடம் போய் நிற்கிறது, வயிறு கடமுடா என்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. முடிந்த அன்று தலைவர் வந்து வெள்ளிங்கிரிக்குப் பழரசம் கொடுத்தார், படம் எடுத்தார்கள். மாராத்தாள் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் பந்தலைக் கூட்டினாளாம், அடுத்த நாள் முதல் ஷிப்டுக்குப் போனாளாம். சில வருஷத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்துச் செத்தாள். இரங்கல் கூட்டம் போட்டோமா? நினைவில் இல்லை. போட்டிருந்தால் நான்தான் நன்றி சொல்லியிருப்பேன். எழவு, இவள் மேலும் எரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒரு துண்டறிக்கை படித்தவள் இல்லை, இவள் எப்படி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்?

குழாயை உருவினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது குழாயால் வந்தது. சிவமலை வந்து தீர்மானத்தைக் கையில் கொடுத்தான். தட்டச்சு அடித்த ஒரு பக்கம், பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். இது எங்கள் சங்கத்து வழக்கம், வேறெந்தச் சங்கத்திலும் கிடையாது. ஆரம்பத்தில் ஒருமுறை போராட்டக் குழுவின் பெயர்களை எழுதித் தீர்மானம் போட்டோம், மை காய்வதற்குள் காகிதம் மானேஜர் மேசைக்குப் போய்விட்டது, பெயர் இருந்த அத்தனை பேரும் வெளியே. அதிலிருந்து பெயரை எழுதுவதில்லை. சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் இரண்டு சாட்சி முன்னால் தீர்மானத்தை உரக்கப் படித்து, புள்ளி வருகிற இடத்தில் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் மை. சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கிட்டான் அண்ணன் படிப்பகத்துக்குப் பெயர் சொல்லும்போது நாக்குக் குழறி, எதிரே டம்ளரோடு நின்ற டீக்கடைக்காரர் பெயரைச் சொல்லிவிட்டார், இன்றைக்கும் அது சாத்தப்பன் படிப்பகம்தான், சாத்தப்பன் கடைசிவரை சங்கத்துக்குப் பாலில்லாத டீதான் கொடுத்தார். ஆரம்பித்தவர்கள் ஏழு பேர். வெள்ளிங்கிரி போனதோடு மிச்சம் நான் ஒருவன். அதனால்தான் ஆரஞ்சுப் பழம்.

"மெதுவாப் படிங்கண்ணா, அவசரமில்லை" என்றான் நாச்சிமுத்து. அவசரம் அவன் காலில் தெரிந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். என் பெயரைச் சொல்லலாம். சட்டம் தடுக்காது. ஆறுக்குட்டி மன்றம். சொன்ன அடுத்த நிமிஷம் டீக்கடையில் சிரிப்பார்கள், போண்டா மன்றம் என்பார்கள், அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதே கேட்கிறது. அவன் பெயரைச் சொல்லலாம், எல்லாரும் எனக்குக் கை கொடுப்பார்கள், பெருந்தன்மை என்பார்கள், கல்லில் அவன் பெயர் என்னைவிட இருநூறு வருஷம் அதிகமாக நிற்கும், அது ஆறாவது. அதை மட்டும் என் நாக்கு செய்யாது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது நியாயம் என்பதற்காக அல்ல, யாரும் அப்படி எழுதிவிடக் கூடாது. அவனுக்குக் கிடைக்காமல் போக வேண்டும், அதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பெயர் அது. அவளுக்குக் கிடைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. வயிறு எரிகிறது, விடு, விடு, விடு. "எல்லாரும் இருங்க" என்றேன் மாணவர்களிடம், "சாட்சி எத்தனை இருந்தாலும் நல்லது." டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிவேதா என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தது. சிவமலை பேனா மூடியைத் திறந்தான், அவன் கை ஏற்கெனவே வெ எழுதத் தயாராக இருந்தது.

தொண்டை புண்ணாக இருந்தாலும் குரல் வந்தது. கேட் கூட்டத்துக் குரல், எனக்கு ஒருபோதும் கொடுக்கப்படாத கூட்டத்துக்கு நான் மனசுக்குள் பழகி வைத்திருந்த குரல். "நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானிப்பது என்னவென்றால், மில் கேட் எதிரே தொழிலாளர் உழைப்பில் எழும்பியிருக்கும் இந்த மன்றம், பசியோடு இருந்து நம் கோரிக்கையை வென்று தந்தவரின் நினைவாக, இன்று முதல் இந்தப் பெயரால் வழங்கப்படும்." புள்ளிகள் வந்துவிட்டன. பசியோடு இருந்து என்று இவர்களே அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை. சிவமலை தலையாட்டினான், சொல்லுங்கண்ணா என்று. நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தும் வார்டின் கடைசிக் கட்டில்வரை போகும்படி படித்தேன்.

"கழிவுப்பஞ்சுப் பிரிவு, மாராத்தாள்."